பட்டறைப் பதில்கள்: பெஞ்சு முதலில், பலகை அப்புறம்

போன மாதம் இந்தப் பகுதியில், ஒரு பழைய வேனைப் படுத்துத் தூங்கும் வண்டியாக மாற்றியதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. டிரெய்லர் கூண்டு, ஆட்டோ டாப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதம் முழுக்க வேனின் உள்வேலைதான். நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் 35 வருடம் இருந்தவன். எனக்குத் தெரிந்தது பஸ். வேன் என்பது குள்ளமான பஸ் என்று எடுத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பழைய ஃபோர்ஸ் டிராவலர் வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, தரை போட்டுவிட்டேன். 12 மி.மீ. பிளைவுட் ஆறு ஷீட் வாங்கி வைத்திருக்கிறேன். சுவருக்கு இதை, தானே துளைத்துக்கொண்டு ஏறும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போட்டு நேராக அடித்துவிடலாமா? அடித்த பிறகு அதன்மேல் மடக்கு பெஞ்சு மாட்டுவதாகத் திட்டம்.
— கோவை வாசகர்

தம்பி, டிரில் மெஷினைக் கொஞ்சம் கீழே வையுங்கள். உங்கள் திட்டத்தில் மூன்று தப்பு இருக்கிறது. மூன்றாவதுதான் பெரியது என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

பலகை அடித்துவிட்டுப் பெஞ்சை யோசிக்கக் கூடாது. பெஞ்சு எங்கே வரும், எந்த உயரத்தில் கீல் வரும், எந்த இடத்தில் பிராக்கெட் உட்காரும் என்று முடிவு செய்து, அந்த இடத்தில் வண்டியின் எலும்போடு இரும்புச் சட்டம் சேர்த்த பிறகுதான் பலகை. பலகை என்பது சட்டை. சட்டையில் யாராவது மூட்டையைத் தொங்கவிடுவார்களா? வண்டியின் வெளித்தகடு ஏறக்குறைய 0.8 மி.மீ.தான். அதில் ஸ்க்ரூவின் ஒரு மரை பிடிக்கும், இரண்டாவது மரைக்கு இரும்பே இருக்காது. எடை தாங்குவதெல்லாம் தகட்டுக்கு உள்ளே நிற்கும் பில்லர்களும், கூரையில் குறுக்கே போகும் சட்டங்களும்தான்.

இரண்டாவது, எடை. எட்டுக்கு நாலு அளவில் 12 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் சுமார் 23, 24 கிலோ வரும். ஆறு ஷீட் என்றால் 140 கிலோ. இரண்டு பெரியவர்களை இறங்கவே விடாமல் வண்டியில் நிற்க வைத்த மாதிரி. அது போக 12 மி.மீ. பலகை வளையாது. உங்கள் வண்டியின் சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாயும். பலகையை வம்பாக வளைத்து ஸ்க்ரூவால் இழுத்தால், ஒரு கோடை வெயிலில் ஸ்க்ரூ தலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். சுவருக்கு 6 மி.மீ. போதும். கூரைக்கு 4 மி.மீ. வாங்கிய 12 மி.மீ. ஷீட் வீணாகாது, பெஞ்சுக்கும் பெட்டிக்கும் ஆகும். மிச்சத்தைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் தப்பு, அந்த செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. நான் தொழிலுக்குப் புதிதாக இருந்தபோது ஒரு வெள்ளை வேனுக்கு நீள ஸ்க்ரூ ஒன்றை வேகமாக ஏற்றினேன். உள்ளே கச்சிதமாக உட்கார்ந்தது. வெளியே போய்ப் பார்த்தால் பெயின்ட்டில் ஒரு பரு. பட்டறை முதலாளி ஒன்றும் பேசவில்லை, அந்த வாரக் கூலியில் பேசினார். அதனால் துளை போடும்போது டிரில் பிட்டில் டேப் சுற்றியோ ஸ்டாப்பர் மாட்டியோ ஆழத்தைக் கட்டிவிடுங்கள். ஸ்க்ரூவுக்குப் பதிலாக ரிவ்நட் போடுங்கள். தகட்டுக்குள் போய் மடிந்து பிடித்துக்கொள்ளும் நட்டு அது. சாதாரணமாக எம்6, அதாவது 6 மி.மீ. போல்ட் ஏறும் ரிவ்நட்டுக்கு 9 மி.மீ. துளை. துளை போட்டதும் சீவலையெல்லாம் வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள். உள்ளே விழுந்த ஒவ்வொரு சீவலும் மழைக்காலத்தில் ஒரு துருப் புள்ளி. துளையின் ஓரத்துக்கு பிரைமர் தொட்டு, காய்ந்த பிறகு ரிவ்நட்டை ஏற்றுங்கள். துளை ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டால் ரிவ்நட் கூடவே சுற்றும், அதற்குப் பரிகாரம் கிடையாது. பொறுமையாகப் போடுங்கள். அடிக்கு ஒன்று வீதம் போட்டால் 6 மி.மீ. பலகை அசையாது.

அளவு எடுப்பதில் வீடு கட்டும் பழக்கம் இங்கே செல்லாது. ரசமட்டம் வண்டிக்குள் பொய் சொல்லும். வண்டி நிற்கிற தரை சாய்ந்திருந்தால் எல்லாமே சாய்ந்துதான் காட்டும். மூலைமட்டமும் பிரயோஜனமில்லை, வேனுக்குள் நேர் மூலை என்று ஒன்று கிடையவே கிடையாது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி இரண்டு மூன்று வாங்கி வாருங்கள். அட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஜன்னல் ஓரம், சக்கர மேடு என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஒட்டி ஒட்டி அச்சு எடுங்கள். அச்சைப் பலகையில் வைத்துக் கோடு இழுத்து, கோட்டுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், உள்ளே அறுங்கள். அந்த ஒரு நூல் இடைவெளி, ஓரத்தில் அடிக்கும் பீடிங் பட்டைக்கு அடியில் மறைந்துவிடும். இடைவெளியே இல்லாமல் இறுக்கிச் செருகினால் முதல் வேகத்தடையிலேயே கிறீச்சிடும்.

அறுத்ததும் ஓரங்களுக்கு பி.யு. (பாலியூரிதேன்) வார்னிஷ் இரண்டு கை அடியுங்கள். பிளைவுட்டுக்கு முகத்தில் வாய் இல்லை, ஓரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் குடிப்பதெல்லாம் அங்கேதான். பிளைவுட் மேல் ஐ.எஸ். 303 என்றோ ஐ.எஸ். 710 என்றோ அச்சடித்திருக்கும். 710 என்றால் கடல் தண்ணீரையும் தாங்கும் ரகம். 303-இல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் ரகம்) என்று போட்டிருந்தால் சுவருக்குப் போதும், எம்.ஆர். (லேசான ஈரம் மட்டும் தாங்கும் ரகம்) என்று போட்டிருந்தால் வேனுக்கு வேண்டாம்.

பலகையை மூடும் முன் ஒரு வேலை. எல்லாச் சுவரையும், பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி வைத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில்லர் எங்கே, வயர் எங்கே என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது. வயர் போகும் குழாய்க்குள் நைலான் கயிறு ஒன்றைச் சும்மா விட்டு வையுங்கள். பின்னாளில் இன்னொரு வயர் இழுக்க அது உதவும். வயர் தகட்டுத் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் ஓட்டத்தில் தகடு வயரைத் தின்றுவிடும்.

கேள்வி: சுவரோடு மடங்கும் பெஞ்சு செய்ய வேண்டும். 6 அடி நீளம், 16 அங்குலம் அகலம். மூன்று பேர் உட்கார வேண்டும், ராத்திரி ஒருவர் படுக்க வேண்டும். கால் வேண்டாம், இடைஞ்சல். எத்தனை பிராக்கெட், என்ன போல்ட் என்று மட்டும் சொன்னால் போதும்.
— திருப்பூர் வாசகர்

“மட்டும் சொன்னால் போதும்” என்கிறீர்கள். முடியாதுங்க. இந்த ஒரு விஷயத்தில் நான் அடிபட்டவன்.

எங்கள் வீட்டு வேனுக்கு நானே ஒரு மடக்கு பெஞ்சு போட்டேன். ஊருக்கெல்லாம் பாடி கட்டுகிறவன், சொந்த வண்டி என்றால் அலட்சியம். சுவரில் ஏற்கெனவே பலகை இருந்தது. அதன்மேல் பிராக்கெட் வைத்து ஆறு ஸ்க்ரூ, முடிந்தது. பழனிக்குப் போகும் வழியில் ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். என் மச்சான் பெஞ்சை இறக்கி, டம்ளரோடு உட்கார்ந்தார். கொஞ்சம் கனத்த சரீரம். வண்டி நின்றுகொண்டிருந்தது, பள்ளம் இல்லை, மேடு இல்லை. பெஞ்சு அப்படியே சுவரோடு உரிந்து வந்தது. டீ அவர் வேட்டியில். பதினைந்து வருடமாகிறது, இன்றும் எங்கள் வீட்டில் நாற்காலி போட்டால் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

கழற்றிப் பார்த்தேன். கீல் நன்றாக இருந்தது. பெஞ்சுப் பலகை நன்றாக இருந்தது. பிராக்கெட்டில் ஒரு வளைவு இல்லை. மேல் ஸ்க்ரூ இரண்டும் சுவர்ப் பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. கீழ் ஸ்க்ரூக்கள் அப்படியே இருந்தன. எல்லா மடக்கு பெஞ்சும் இப்படித்தான் விழும். காரணம் கடப்பாரைக் கணக்கு.

உங்கள் பெஞ்சின் அகலம் 16 அங்குலம், 40 செ.மீ. என்று வையுங்கள். மூன்று பேர், ஆளுக்கு 70 கிலோ, மொத்தம் 210 கிலோ. அந்த எடை சராசரியாக நடுவில், சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி இறங்குகிறது. பிராக்கெட்டின் உயரம் 20 செ.மீ. என்றால், மேல் போல்ட்டுகளை அது சுவரிலிருந்து வெளியே இழுக்கும் பலமும் 210 கிலோ. சின்னதாக அழகாக இருக்கிறதே என்று 10 செ.மீ. பிராக்கெட் வாங்கினால் இழுப்பு 420 கிலோ ஆகிவிடும். அதுவும் மெதுவாக உட்கார்ந்தால். தொப்பென்று உட்கார்ந்தால் இரண்டு பங்குக்குக் குறையாது. இதைத் தாங்க 0.8 மி.மீ. தகடா?

கால் கொடுத்தால் கணக்கே மாறிவிடும். முன் ஓரத்தில் இரண்டு மடக்குக் கால் வந்தால் பாதி எடை தரைக்குப் போய்விடும். சுவருக்கு வருவது 105 கிலோதான், அதுவும் கீழ்நோக்கி அழுத்துமே தவிர வெளியே இழுக்காது. போல்ட்டுக்குக் கீழ்நோக்கிய அழுத்தம் பெரிய சுமையில்லை. பிடுங்கும் இழுப்புதான் அதைக் கொல்வது. இடைஞ்சல் என்று நீங்கள் சொல்லும் அந்தக் காலை பெஞ்சின் அடியிலேயே கீல் வைத்து மடக்கிவிடலாம். ஒரு அங்குல ஸ்கொயர் டியூப், நுனியில் ரப்பர் குப்பி. எனக்கு வேறு யோசனையே இல்லை, கால் போடுங்கள்.

கால் வேண்டவே வேண்டாம் என்றால் இரண்டு முனையிலும் சங்கிலி. ரயிலில் நடு பெர்த்தைத் தூக்கிச் சங்கிலி மாட்டுவோமே, அதே முறை. ஆனால் சங்கிலியின் சாய்வைக் கவனியுங்கள். பெஞ்சு 16 அங்குலம் நீட்டியிருந்தால் சங்கிலியின் மேல் முனையும் பெஞ்சுக்கு 16 அங்குலம் மேலே சுவரில் இருக்க வேண்டும். அப்போது சங்கிலி 45 டிகிரியில் நிற்கும், ஒவ்வொரு சங்கிலிக்கும் சுமார் 75 கிலோ இழுப்பு. ஜன்னல் மறைக்கிறதென்று மேல் முனையை இறக்கி, சங்கிலி 20 டிகிரியில் படுத்துக் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் 150 கிலோவைத் தாண்டும். பெஞ்சில் உட்காரும் ஆள் மாறவில்லை, சங்கிலி படுத்ததால் மட்டும் சுமை இரட்டிப்பு.

இப்போது சுவருக்குள் செய்ய வேண்டியது. பெஞ்சின் கீல் வரும் உயரத்தில், ஒரு பில்லரிலிருந்து அடுத்த பில்லருக்கு, அதிலிருந்து அதற்கடுத்த பில்லருக்கு என்று ஒரு நீள ஆங்கிள், அதாவது எல் வடிவ இரும்புச் சட்டம், போகட்டும். ஒன்றரை அங்குல ஆங்கிள், 3 மி.மீ. கனம். பில்லரில் எம்8 போல்ட், பின்னால் கை போகும் இடத்தில் பட்டைத் தகடு வைத்து நட்டு, கை போகாத இடத்தில் எம்8 ரிவ்நட். வெல்டிங் வைக்கிறவர்கள் வைக்கலாம். ஆனால் சுவரில் சூடு தடுக்கும் ஃபோம் ஒட்டுவதற்கு முன், வயர் இழுப்பதற்கு முன், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டீசல் டேங்க் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். ஃபோம் ஒட்டிய சுவரில் வெல்டிங் வைப்பது வைக்கோல் போரில் தீக்குச்சி கிழிப்பது.

அந்த ஆங்கிளின் முகமும் பில்லரின் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தால் பலகை மேலே சமமாக உட்காரும். பலகையில் துளை போட்டு, போல்ட் பலகையைத் தாண்டி ஆங்கிளில் பிடிக்கட்டும். பலகைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, சும்மா நடுவில் நிற்கிறது.

அடுத்தது, மேலே மடக்குவதா, கீழே தொங்கவிடுவதா. எல்லோரும் மேலே மடக்கித் தாழ்ப்பாள் போடுகிறார்கள். எனக்குக் கீழே தொங்குவதுதான் பிடிக்கும். கீல் மேலே இருக்கும், வேண்டாதபோது பலகை சுவரோடு தொங்கிக் கிடக்கும், வேண்டும்போது தூக்கிக் காலை விரித்துவிட வேண்டும். தாழ்ப்பாள் கழன்றாலும் விழுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. சக்கர மேடு குறுக்கே வந்தால் மட்டும் வேறு வழியில்லை, மேலே மடக்குங்கள். அப்போது இரண்டு பக்கமும் இரண்டு தாழ்ப்பாள் வேண்டும், ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும். காந்தம் போட்டேன் என்று யாராவது எழுதினால் பதில் எழுத மாட்டேன்.

கீலுக்கு நீளம் முழுக்க வரும் பியானோ கீல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதைப் பிளைவுட்டின் ஓரத்தில் ஸ்க்ரூ வைத்துப் பிடிக்காதீர்கள், அடுக்கு பிரிந்துவிடும். முகத்தில் துளை போட்டுப் போல்ட்டும், அதிர்வில் கழலாத நைலாக் நட்டும். பெஞ்சுக்கு 18 மி.மீ. பிளைவுட் வேண்டாம், ஒன்பது கிலோவுக்கு வரும். உங்களிடமும் 12 மி.மீ. இருந்தால் அடியில் நீளவாக்கில் இரண்டு சட்டம் ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். எடை குறையும், தொய்வும் இருக்காது. உட்காரும் உயரம் மெத்தையோடு சேர்த்து 17, 18 அங்குலம். மெத்தை அமுங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 40 டென்சிட்டி ஃபோம் மூன்று அங்குலம் போதும், வெல்க்ரோ வைத்துப் பிடித்தால் மடக்கும்போது எடுத்துவிடலாம்.

படுப்பதைப் பற்றி. 16 அங்குலத்தில் படுத்தால் ஒரு கை ராத்திரி முழுக்கத் தொங்கும். எதிர்ச் சுவரிலும் ஒரு பெஞ்சு வைத்து, நடுவில் ஒரு பலகையைப் பாலம் போலப் போட்டால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். ஒரே பெஞ்சுதான் என்றால் அகலத்தை இரண்டு அடி ஆக்குங்கள், அப்போது கால் கட்டாயம்.

வண்டி ஓடும்போது இந்தப் பெஞ்சில் யாரும் உட்காரக் கூடாது. பெல்ட் இல்லை, பக்கவாட்டுப் பார்வை, பிரேக் அடித்தால் ஆள் அப்படியே முன்னால் பறப்பார். நின்ற வண்டிக்கு மட்டும்தான் இந்தப் பெஞ்சு.

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் ஹையேஸ் டொல்பின் வான் ஒன்று உண்டு. உள்ளே பலகை அடித்து, ஒரு மடக்கு வாங்கும் போட்டாயிற்று. கண்டி வீதியில் ஓடும்போது கடகட என்று ஒரே சத்தம், உள்ளே இருந்து கதைக்க ஏலாது. எங்கே பிழை?
— யாழ்ப்பாண வாசகர்

பெஞ்சுக்கு “வாங்கு” என்ற சொல்லை இங்கே இப்போது யாரும் சொல்வதில்லை. படித்ததும் எங்கள் அப்பாவின் ஞாபகம் வந்தது.

சத்தத்தைத் தேட ஒரே வழி இருக்கிறது. வேறு ஒருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் இருந்து ஒவ்வொரு பலகையாக உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் கள்ளன். பெரும்பாலும் மூன்று இடம். பலகை பில்லரில் நேராக இரும்பில் உட்கார்ந்திருக்கும். கழற்றி, பில்லர் முகத்தில் 3 மி.மீ. ஃபோம் டேப் ஒட்டி மறுபடி பூட்டினால் பாதிச் சத்தம் போய்விடும். இரண்டாவது, பலகையும் பலகையும் முட்டும் இடம். அங்கே ஒரு நூல் இடைவெளி விட்டு ஃபெல்ட் துணி வையுங்கள். மூன்றாவது உங்கள் வாங்கு. நான் பந்தயம் கட்டுவது இதன்மேல்தான். தாழ்ப்பாள் போட்ட பிறகும் பலகையைக் கையால் ஆட்ட முடிகிறதென்றால் அது ஓட்டத்தில் மணி அடிக்கத்தான் செய்யும். சுவருக்கும் அதற்கும் நடுவில் தடித்த ரப்பர் துண்டு நாலு ஒட்டுங்கள். ரப்பரைக் கொஞ்சம் அமுக்கினால்தான் தாழ்ப்பாள் விழ வேண்டும், அந்த இறுக்கம்தான் சத்தத்தை நிறுத்தும்.

நட்டுகளை முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை இறுக்கினீர்களா? புது மரம் அமுங்கும். எல்லா நட்டும் இன்னும் கால் சுற்று இறுகும்.

கேள்வி: போன டிசம்பரில் ஊட்டியில் இரண்டு இரவு வண்டியிலேயே தங்கினோம். திரும்பி வந்து ஒரு பலகையைக் கழற்றினால் பின்பக்கம் முழுக்க ஈரம், ஒரு மூலையில் பூஞ்சை. மழை இல்லை. கூரை ஒழுகவும் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது?
— ஈரோடு வாசகி

உங்கள் மூச்சிலிருந்துதான் அம்மா. இரண்டு பேர் ஓர் இரவு மூடிய வண்டியில் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் காற்றில் கலக்கும். வண்டிக்குள் காபி போட்டீர்கள் என்றால் இன்னும் கூடுதல். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்க்கிறதல்லவா, ஊட்டிக் குளிரில் உங்கள் வண்டித் தகடும் அதே சொம்புதான். பலகையின் இடுக்கு வழியாகப் போன ஈரக்காற்று தகட்டைத் தொட்டதும் தண்ணீராகிவிட்டது.

பலகைக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கண்ணாடிப் பஞ்சு என்றால் எடுத்துவிடுங்கள், அது ஈரத்தைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கருப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம் ஷீட் வாங்கித் தகட்டில் காற்றே புகாமல் அழுத்தி ஒட்டுங்கள். ஈரக்காற்று தகட்டைத் தொடவிடாமல் செய்வதுதான் அதன் வேலை, இடையில் குமிழி விட்டால் அங்கே மறுபடி வேர்க்கும். ஸ்ப்ரே ஃபோமைப் பில்லருக்குள் அடிக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பில்லரின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். ஃபோம் அதை அடைத்தால் வண்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும், உங்களுக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். பலகையின் அடி ஓரம் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி நிற்கட்டும்.

அதைவிட எளிய வைத்தியம், தூங்கும்போது எதிரெதிர் ஜன்னல் இரண்டை ஒரு விரல் அளவு திறந்து வைப்பது. குளிரும், இன்னொரு கம்பளி எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஸ்க்ரூ தலை தெரிவது அசிங்கமாக இருக்கிறது. ஃபோம் பி.வி.சி. பலகையை ரப்பர் பசை போட்டு ஒட்டிவிடலாம் என்கிறார் எங்கள் ஆசாரி.
— சேலம் வாசகர்

வீட்டு அலமாரிக்கு அவர் சொல்வது சரி. வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் கை வைக்க முடியாத சூடு ஏறும், அந்தச் சூட்டில் ரப்பர் பசை இளகும். பி.வி.சி. பலகை வேறு சூட்டில் நீளும். எட்டடிப் பலகை 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு நூலுக்கு மேலேயே நீளும். போக இடமில்லாவிட்டால் வயிறு தள்ளும். இளகாத பி.யு. பசை போட்டால் வேறு தொல்லை, பின்னால் ஒரு வயர் கெட்டால் பலகையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்க்ரூ தலைக்குக் கிண்ணம் மாதிரி இருக்கும் கப் வாஷர் வைத்து எல்லாவற்றையும் ஒரே கோட்டில் போடுங்கள். பழைய பஸ்களில் அதைத்தான் அழகு என்று செய்தோம்.

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஆம்னி வேன் வைத்திருக்கிறோம். கோயில் கோயிலாகப் போய் வர ஆசை. எங்களுக்கும் பலகை, பெஞ்சு எல்லாம் தேவையா?
— தஞ்சாவூர் வாசகி

டீச்சர் அம்மா, வேண்டாம். ஆம்னியில் பலகை அடித்தால் இருக்கிற இடமும் போகும். அந்த வண்டி தயாரிப்பே 2019-இல் நின்றுவிட்டது, தகட்டைத் துளைக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பின்சீட்டை மடித்து, அதன்மேல் பொருந்துகிற மாதிரி இரண்டாக மடங்கும் ஒரு பலகையும் மெத்தையும் செய்து வாங்குங்கள். காலையில் எடுத்துவிட்டால் வண்டி பழையபடி வண்டி. கும்பகோணத்தைச் சுற்றி வரவே உங்களுக்கு ஒரு வருடம் ஆகுமே.

கேள்வி: இதற்கெல்லாம் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா?
— பலர்

சீட்டைக் கழற்றுகிறீர்கள், ஆர்.சி.யில் இருக்கும் இருக்கை எண்ணிக்கை மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதி செய்திருக்கிறது. வீட்டு வசதியோடு வரும் வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. அதனால் பலகை வாங்கப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸ்காரரிடமும் போய் வாருங்கள். இதில் என்னிடம் குறுக்கு வழி கேட்டு எழுதிய மூன்று பேருக்கும் பதில் இதுதான்.

கேள்வி: மேலே மடங்கும் பெஞ்சு ஏற்கெனவே இருக்கிறது. மெத்தையோடு 12 கிலோ. என் மாமனாருக்கு 74 வயது, அவரால் தூக்கி மாட்ட முடியவில்லை. கார் டிக்கியில் இருக்கும் கேஸ் ஸ்பிரிங் போடலாமா?
— மதுரை வாசகி

போடலாம், தாராளமாக. கேஸ் ஸ்பிரிங் மேல் 100 என், 150 என் என்று எழுதியிருக்கும், என் என்பது நியூட்டன். 100 என்றால் ஏறக்குறைய பத்துக் கிலோ தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சின் அகலம் 40 செ.மீ. என்றால், உங்கள் 12 கிலோவும் கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளி நிற்கிறது. ஸ்பிரிங்கை கீலிலிருந்து 10 செ.மீ.யில் பிடித்தால் 24 கிலோ தள்ள வேண்டும், பக்கத்துக்கு 12 கிலோ. சாய்வாகத் தள்ளுவதால் பலம் கொஞ்சம் வீணாகும், அதனால் பக்கத்துக்கு ஒரு 150 என் வாங்கிப் பாருங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். கூடுதல் பலமாகப் போட்டால் பெஞ்சு இறங்கவே இறங்காது, மாமனார் உட்கார்ந்தால்தான் படுக்கும், எழுந்தால் கூடவே எழும்.

மெத்தையை வைத்தபடியே சோதித்துப் பாருங்கள், மெத்தை இல்லாமல் சரியாக நின்றது மெத்தையோடு நிற்காது. ஸ்பிரிங் தள்ளுகிறதே என்று தாழ்ப்பாளை விட்டுவிடாதீர்கள். குளிரில் அதன் பலம் குறையும், கொடைக்கானலில் ஒரு விடிகாலை பெஞ்சு மெதுவாகத் தானே இறங்கி வரும். கீல் பக்கம் விரல் நுழைகிற இடுக்கு இருந்தால் ஒரு ரெக்சின் பட்டை தைத்து மூடுங்கள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா. அப்புறம், பெஞ்சின் முன் ஓரத்தின் நடுவில் பை வாரில் ஒரு பிடி தைத்துப் போல்ட் போட்டுக் கொடுங்கள். குனியாமல் ஒரு கையால் இழுக்கலாம், மற்றக் கை சுவரைப் பிடித்துக்கொள்ள இருக்கும்.